கடற்படையிலிருந்து ஊர் திரும்பும் மாலுமிகளுக்கு: கடைசி இரண்டு ஆண்டுகளும் வெளியே வந்த முதல் ஆண்டும்

பதினைந்து, இருபது ஆண்டுகள் இந்தியக் கடற்படையில் மாலுமியாக இருந்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் இன்ஜின் ரூமிலிருந்து வந்தவன்தான். என்னிடம் யோசனை கேட்டு வரும் தம்பிகள் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் வருகிறார்கள். அவர்கள் கேட்பதில் பாதி, கப்பலில் இருந்தபோதே ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். உள்ளே இருக்கும்வரை காகித வேலை பார்க்கும் ரைட்டர் இரண்டு கம்பார்ட்மென்ட் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்; உங்கள் மனுவை மேலே அனுப்ப டிவிஷனல் ஆபீஸர் இருக்கிறார். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் இரண்டு பேரும் இல்லை. ஆகவே இதில் பெரும்பகுதி சீருடையில் இருக்கும்போதே செய்ய வேண்டியதைப் பற்றியது.

2022ல் அக்னிபத் திட்டம் வருவதற்கு முன் சேர்ந்தவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். நான்காண்டில் வெளிவரும் அக்னிவீரர்களுக்குப் பென்ஷன் கிடையாது. அவர்களுடைய கணக்கே வேறு. தனியாகத்தான் பேச வேண்டும்.

படி 1: மறுபடி கையெழுத்தா, வெளியேறுவதா

மாலுமிக்குப் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டு சேவை வேண்டும். எங்கேஜ்மென்ட், அதாவது கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட சேவைக் காலம், முடிவதற்கு வெகு முன்பே, தொடர விருப்பமா என்று எழுத்தில் கேட்டுவிடுவார்கள். மெஸ்ஸில் பக்கத்து பங்க்காரர் என்ன எழுதினார் என்று பார்த்து அதையே எழுதுகிறவர்கள் நிறையப் பேர். இந்த முடிவை மனைவியோடு உட்கார்ந்து எடுங்கள், அதுவும் லீவில் நேரில்.

என் கருத்து இது. அரசு வேலைக்கோ வங்கி வேலைக்கோ போக வேண்டும் என்ற எண்ணம் உறுதியாக இருந்தால் 15ல் வெளியே வாருங்கள். அப்போது வயது 33 முதல் 36க்குள் இருக்கும்; போட்டித் தேர்வுக்குப் படிக்க மூளையும் உடம்பும் ஒத்துழைக்கும். படிப்பில் நாட்டம் இல்லை, வீட்டுக்கடன் பாதியில் நிற்கிறது, பெட்டி ஆபீஸருக்கு அடுத்த பதவியான சீஃப் ஆகும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் இன்னும் சில ஆண்டு இருப்பதே நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை: பிள்ளை பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ இருக்கும் வருடத்தில் வெளியே வரும்படி தேதி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கேஜ்மென்ட் முடிந்து வெளியே வருவது வேறு, இடையில் சொந்த விருப்பத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது வேறு. ஒரே பதவியில் ஒரே அளவு சேவை செய்தவர்களுக்கு, எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பென்ஷன் தரும் 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' குறித்த 2015 நவம்பர் 7 ஆணைப்படி, அந்தத் தேதிக்குப் பிறகு சொந்த வேண்டுகோளில் முன்கூட்டியே விலகுகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 2014, 2019, 2024 என ஜூலை 1ஆம் தேதியிலிருந்து திருத்தப்பட்டு வருகிறது. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுக்கு உங்கள் பென்ஷனைத் தூக்கிவிடப் போவது இதுதான். வீட்டில் அவசரம் என்று ஒரு கோபத்தில் எழுதிக் கொடுப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

படி 2: பெயர்களை ஒன்றாக்குவது

இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். வடநாட்டுக்காரர்களுக்கு இது அவ்வளவு பெரிய வேலை இல்லை. இனிஷியல் வைத்துக்கொள்ளும் நமக்குத்தான் தலைவலி.

ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்படைப் பதிவில் 'முருகன் எஸ்'. ஆதாரில் 'எஸ் முருகன்'. பான் கார்டுக்கு விண்ணப்பித்தபோது குடும்பப் பெயர் கேட்டார்கள் என்று அப்பா பெயரை விரித்து 'முருகன் சண்முகம்'. மனைவியின் ஆதாரில் இன்னும் அவருடைய அப்பாவின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். கடற்படைப் பதிவில் அவர் பெயர் 'டி' எழுத்தில் தொடங்கும் தமிழ்ச்செல்வி, பள்ளிச் சான்றிதழில் 'டி-எச்' போட்டு, நடுவில் 'இசட்-எச்' வரும் தமிழ்ச்செல்வி. மகள் பிறந்தது விசாகப்பட்டினத்தில். அங்கே மாநகராட்சிக்காரர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக் கோவை மூன்றாவது ரகம். ஊரில் யாருக்கும் இதில் குழப்பம் வராது. கணினிக்கு இவர்கள் எல்லோரும் வேறு வேறு ஆட்கள்.

பாதுகாப்புத் துறை ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்பின் வழியே வருகிறது. அது ஆதாரையும் பானையும் வைத்துச் சரிபார்க்கிறது. பெயர் பொருந்தாவிட்டால் பதிவு அங்கேயே நின்றுவிடும். உங்கள் காலத்தில் எப்படியோ சமாளித்துவிடலாம். நீங்கள் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அலையப் போவது உங்கள் மனைவிதான்.

செய்ய வேண்டியது: லீவில் வந்தபோது எல்லாக் காகிதங்களையும் மேசைமேல் பரப்பி வையுங்கள். சேவைப் பதிவின் நகல், உங்கள் ஆதார், பான், வங்கிப் புத்தகம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், மனைவியின் ஆதாரும் பானும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும், அப்பா அம்மாவின் ஆதார். ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த தேதி, எழுத்துக் கோவை மூன்றையும் ஒவ்வொரு ஆவணத்திலிருந்தும் அப்படியே எழுதுங்கள். வித்தியாசம் உள்ள இடத்தில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

பிறகு கடற்படைப் பதிவில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு இசைவாக மாற்றுங்கள். ஆதாரையும் பானையும் மாற்றுவது எளிது, கடற்படைப் பதிவை மாற்றுவதுதான் கடினம். கடற்படைப் பதிவிலேயே பிழை என்றால், மனைவியின் பிறந்த தேதி தவறு, இரண்டாவது குழந்தையின் பெயரே ஏறவில்லை என்றால், கப்பல் அலுவலகம் வழியாக ஜென்ஃபார்ம் என்ற படிவம் போட்டு, மும்பை மான்கூர்டில் உள்ள மாலுமிகள் பணியகத்தில் திருத்தம் ஏறிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். 'அனுப்பியாச்சு சீஃப்' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். ஏறிய பதிவின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக மாற்றுவதும் இந்தக் கட்டத்திலேயே.

படி 3: ரிலீஸ் மெடிக்கல்

இங்கே நம் ஆட்கள் ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டும். சேவை முழுக்க, மெடிக்கல் கேட்டகரி இறங்கினால் ப்ரமோஷன் போய்விடும், கப்பல் கிடைக்காது என்று வலியை மறைத்தே பழகியவர்கள் நாம். அதே பழக்கத்தில் கடைசி மருத்துவப் பரிசோதனையிலும் 'ஒன்றும் இல்லை சார்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

இன்ஜின் ரூமில் இருந்தவர்கள் காது பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். டீசல் சத்தத்தில் பத்தாண்டு நின்றவனுக்கு மேல் சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். சாதாரணப் பேச்சு கேட்பதால் அது தெரியாது. இரத்த அழுத்தம், முதுகுத்தண்டு, முழங்கால், சர்க்கரை எல்லாம் பதிவாகட்டும். சேவையால் வந்தது அல்லது சேவையால் மோசமானது என்று மருத்துவ வாரியம் ஏற்று, பாதிப்பு 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஊனமுற்றோர் ஓய்வூதியப் பலன் உண்டு. 2023 செப்டம்பரில் இதற்கான விதிகள் மாறியிருப்பதால், வாரியத்தின் முன் போவதற்கு முன் புதிய விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிக் பே என்ற கப்பல் மருத்துவ அறையில் காட்டிய சீட்டு, கடற்படை மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக் கோப்பில் போடுங்கள். இல்லாத நோயைச் சொல்லச் சொல்லவில்லை. இருப்பதை மறைக்க வேண்டாம் என்கிறேன்.

படி 4: மறுவாழ்வுப் பயிற்சியும் தடையில்லாச் சான்றும்

டெல்லியில் உள்ள டி.ஜி.ஆர். என்ற மறுவாழ்வு இயக்குநரகம் ஓய்வு பெறப்போகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. மாலுமிகளுக்குக் கட்டணம் இல்லை. 24 வாரம் வரையிலான வகுப்புகள் இருக்கின்றன. பலர் இதை 'வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு மாதம்' என்று மட்டும் பார்த்துக் கிடைத்த வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் பார்க்கப்போகும் வேலை எது என்று முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்ற வகுப்பைக் கேளுங்கள். தொழில் பாதுகாப்பு, தீத்தடுப்பு, கிடங்கு மேலாண்மை போன்றவற்றுக்குத் தொழிற்சாலைகளில் உடனே மதிப்பு இருக்கிறது.

சேவை முடிய ஓராண்டு இருக்கும்போதே மத்திய அரசுப் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தடையில்லாச் சான்று வேண்டும். தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்பே கேட்டு வையுங்கள். 15 ஆண்டு சேவை முடித்த, பத்தாம் வகுப்புத் தேறிய மாலுமியை, தொழில்நுட்பத் தகுதி கேட்காத குரூப் சி பணிகளில் பட்டதாரிக்கு இணையாகக் கருதும் விதி உண்டு. அதற்கான சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். ஆனால் அதை முதுகலைப் படிப்புக்கும் தனியார் வேலைக்கும் எல்லா இடத்திலும் ஏற்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். உண்மையான பட்டம் ஒன்றைத் தொலைதூரக் கல்வியில் முடித்துவிடுவது எப்போதும் நல்லது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் காலம் அதற்குப் போதும்.

படி 5: பணம்

கையில் வரப்போகும் மொத்தப் பணம் பணிக்கொடை, 300 நாள் வரையிலான விடுப்புக்கான ஊதியம், பிராவிடன்ட் ஃபண்ட், கடற்படைக் குழுக் காப்பீட்டின் முதிர்வுத் தொகை, பென்ஷனில் கம்யூட் செய்த, அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்ட பகுதி ஆகியவை. பணிக்கொடையின் உச்சவரம்பு 2024 ஜனவரி 1 முதல் 25 லட்சம். நம் சேவைக் காலத்துக்கு அந்த அளவு வராது.

இதில் உண்மையில் முடிவெடுக்க வேண்டியது கம்யூட்டேஷன் ஒன்றுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிப்படை ஊதியம் 42,800, இராணுவச் சேவை ஊதியம் 5,200, மொத்தம் 48,000. பென்ஷன் இதில் பாதி, 24,000, அகவிலைப்படி தனி. படையினர் பென்ஷனில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்யலாம். பாதியை, அதாவது 12,000ஐக் கொடுத்தால், முப்பத்தைந்து வயதை ஒட்டியவருக்குக் காரணி (வயதுக்கேற்ப அட்டவணையில் உள்ள பெருக்கும் எண்) 9க்குக் கொஞ்சம் மேல் வரும். 12,000ஐ 12ஆலும் அந்தக் காரணியாலும் பெருக்கினால் சுமார் 13 லட்சம் கிடைக்கும். அதற்குப் பதிலாக 15 ஆண்டுக்கு மாதம் 12,000 பிடிப்பார்கள். மொத்தம் 21 லட்சத்து 60 ஆயிரம். பதினைந்து ஆண்டு முடிந்ததும் முழுப் பென்ஷன் திரும்பிவிடும்.

இதைக் கடனாக நினைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஏழேகால் சதவீத வட்டி. ஜாமீன் இல்லை, கிடைக்கும் தொகைக்கு வரி இல்லை, இடையில் உயிருக்கு ஏதாவது ஆனால் குடும்ப ஓய்வூதியத்தில் பிடித்தம் தொடராது. அகவிலைப்படியும் முழுப் பென்ஷனுக்கே கணக்கிடப்படும், குறைந்த பென்ஷனுக்கு அல்ல. ஆகவே பன்னிரண்டு சதவீதத்தில் தனிநபர் கடனோ நகைக்கடனோ இருந்தால் கம்யூட் செய்து அதை அடையுங்கள், நல்ல முடிவு. வாங்கி வங்கி வைப்பில் போட்டுவைக்கத்தான் என்றால் வேண்டாம். அந்த வட்டிக்கு வரியும் கட்டிக்கொண்டு இதைக் கழித்துப் பார்த்தால் நஷ்டம்தான். ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் கேட்டால் மருத்துவப் பரிசோதனை இல்லாமலே கம்யூட் செய்யலாம் என்பதால், முதல் நாளே முழுப் பாதியைக் கொடுத்துவிட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

வந்த பணத்தை முதல் ஆறு மாதம் வங்கி வைப்பிலும் அஞ்சலகத்திலும் மட்டும் வையுங்கள். அஞ்சலக மாதவருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை போடலாம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஓய்வு பெற்ற படைவீரர்கள் 50 வயதிலேயே சேரலாம். 36 வயதில் வருகிறவர்களுக்கு அது இப்போது இல்லை. காலி மனை, மாமனார் வழி பங்குத் தொழில், மாதம் மூன்று சதவீதம் தருகிறேன் என்று கணக்குப் புத்தகம் காட்டும் நிதி நிறுவனம் எதற்கும் இந்த ஆறு மாதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஊரில் கடற்படை, தரைப்படை வித்தியாசம் யாருக்கும் கிடையாது; நாமெல்லாம் மிலிட்டரிக்காரர்தான். 'மாப்ள, மிலிட்டரி பணம் வந்துருச்சாமே' என்று நீங்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் விசாரிப்பு வந்துவிடும். 'எல்லாம் டெபாசிட்ல போட்டாச்சு மாமா, அஞ்சு வருசத்துக்கு எடுக்க முடியாது' என்று கணவன் மனைவி இருவரும் ஒரே பதிலைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். இருவர் வாயிலும் வேறு வேறு பதில் வந்தால்தான் குடும்பத்துக்குள் வம்பு.

படி 6: பள்ளியும் குவார்ட்டர்ஸும்

நேவி சில்ட்ரன் ஸ்கூலிலோ கேந்திரிய வித்யாலயாவிலோ இந்தி, ஆங்கிலத்தில் படித்த பிள்ளை திடீரென்று ஊர்ப் பள்ளியில் தமிழ் முதல் தாளை எழுத வேண்டியிருக்கும். ஊருக்குப் பக்கத்தில் கேந்திரிய வித்யாலயா இருந்தால் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு அங்கே முதல் பிரிவு முன்னுரிமை உண்டு. இல்லையென்றால் வெளியே வருவதற்கு ஓராண்டு முன்பிருந்தே வீட்டில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். இதை மனைவி தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

குடும்பத்தை எப்போது அனுப்புவது என்பதைப் பள்ளி ஆண்டு தீர்மானிக்கட்டும். ஓய்வு பெற்ற பிறகும் குவார்ட்டர்ஸில் சில காலம் தங்க அனுமதி கேட்கலாம். சாமான் கொண்டுபோகும் செலவுக்கும், ஊரில் குடியேறுவதற்கான மானியத்துக்கும் உரிமை உண்டு. லாரி ரசீதைப் பத்திரமாக வைத்து விண்ணப்பத்தை உரிய காலத்துக்குள் அனுப்புங்கள்.

படி 7: ஊர் வந்த முதல் மாதம்

முதல் வாரத்திலேயே உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில்தான் இருக்கும். கொண்டுபோக வேண்டியவை:

- டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை
- ஆதார், பான், வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை
- கல்விச் சான்றிதழ்கள், பட்டத்துக்கு இணையான சான்றிதழ்
- மனைவியோடு எடுத்த கூட்டுப் படம், தனிப் படங்கள்
- எல்லாவற்றுக்கும் இரண்டு செட் நகல்

அங்கே பதிவு செய்து முன்னாள் படைவீரர் அடையாள அட்டை வாங்க வேண்டும். வேலைவாய்ப்புக்கான பதிவும் அங்கேயே. பிள்ளைகளின் கல்வி உதவி, பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுகளில் உள்ள முன்னாள் படைவீரர் சிறப்பு ஒதுக்கீடு எல்லாவற்றுக்கும் இந்த அலுவலகச் சான்றுதான் வேர். பிரதமரின் கல்வி உதவித்தொகையும் உண்டு: தொழிற்கல்வி படிக்கும் மகளுக்கு மாதம் 3,000, மகனுக்கு 2,500, பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும்.

ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்துக்கான விண்ணப்பத்தை டிஸ்சார்ஜுக்கு முன்பே இணையத்தில் போட்டுவிடுங்கள். 2003 ஏப்ரலில் தொடங்கியது இது. ஒருமுறை செலுத்தும் சந்தா பெட்டி ஆபீஸர் வரை 30,000 ரூபாய், சீஃப், மாஸ்டர் சீஃப்களுக்கு 67,000. பென்ஷன் பணத்திலிருந்தே பிடித்துவிடுவார்கள். அட்டை வரும்வரை தற்காலிகச் சீட்டு செல்லும். மகன்களுக்கு 25 வயதுவரை அல்லது வேலை, திருமணம் ஆகும்வரை. மகள்களுக்கு வேலை அல்லது திருமணம் ஆகும்வரை. பெற்றோரின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் தாண்டாமல் இருந்தால் அவர்களையும் சேர்க்கலாம். இதற்காகவே உள்ளே இருக்கும்போது அவர்களைச் சார்ந்தோராகப் பதிவு செய்து வைப்பது அவசியம்.

மதுரை, திருச்சி, கோவை, வேலூர், திருநெல்வேலி, நாகர்கோவில் என்று ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. முதலில் பாலிகிளினிக் போய், அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஈ.சி.எச்.எஸ். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை. நெஞ்சுவலி, விபத்து போன்ற அவசரத்தில் நேராகவே சேரலாம். 48 மணி நேரத்துக்குள் தகவல் போய்விட வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் பட்டியலில் உள்ள மருத்துவமனைகள் எவை என்று இன்றே ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அவசரம் வரும் இரவில் இணையத்தில் தேட முடியாது.

கேன்டீன் அட்டையை மாற்றுவது சிறிய வேலை. அதில் வரும் மது பாட்டில்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் முறை மச்சானுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் அடுத்த மாதம் நான்கு பேர் வாசலில் நிற்பார்கள். விற்பது குற்றம், கொடுத்துப் பழக்குவதும் முடிவில்லாத தொல்லை. முதல் மாதமே இல்லை என்று சொன்னால் கோபம் ஒரு வாரம்தான்.

படி 8: வீட்டுக்குள் திரும்புவது

காகிதத்தை எல்லாம் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். வீட்டுக்குள் திரும்பி வர ஓராண்டு ஆகும்.

நீங்கள் கடலில் இருந்த காலத்தில் மனைவிதான் கேஸ் சிலிண்டர், கரன்ட் பில், பள்ளிக் கூட்டம், மாமியாருக்குக் கண் ஆபரேஷன், சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்பது வரை தனியாக நடத்தினார். நாம் வந்ததும் சாயங்காலம் ரவுண்ட்ஸ் போகிற மாதிரி அடுப்படியில் ஆரம்பித்து மொட்டை மாடிவரை குறை கண்டுபிடிக்கிறோம். எனக்குத் தெரிந்த ஒரு சீஃப் வீட்டில் வந்த இரண்டாம் வாரமே பிள்ளைகளை ஐந்தரைக்கு எழுப்பி, செருப்புகளை வரிசையாக வைக்கச் சொல்லி, மளிகைக் கணக்குக்கு நோட்டுப் போட்டார். அவர் மனைவி சத்தம் போடாமல் சொன்னாராம்: 'ஏங்க, பதினஞ்சு வருசமா இந்த வீடு நடந்துக்கிட்டுதானே இருக்கு?' அதற்குமேல் அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

முதல் மூன்று மாதம் வீட்டின் எந்த வழக்கத்தையும் மாற்றாதீர்கள். மனைவியிடம் கேளுங்கள்: 'இதுல எந்த ரெண்டு வேலைய நான் எடுத்துக்கட்டும்?' அவர் சொல்லும் இரண்டை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவது என்றால் மழையிலும் காய்ச்சலிலும் நீங்கள்தான். பதினான்கு வயது மகனுக்கு நீங்கள் லீவில் வரும் விருந்தாளியாக இருந்தீர்கள். இப்போது தினமும் இருக்கிறீர்கள். அவன் பழகிக்கொள்ள நேரம் கேட்பான், கொடுங்கள்.

உங்களுக்கும் ஒன்று நடக்கும். நடு இரவு வாட்ச் என்ற முறைப்பணி பார்த்துப் பழகிய உடம்பு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும். பகலில் யாரும் எதையும் உத்தரவிடுவதில்லை. போன் பேச ஷிப்மேட் இல்லை. இந்த வெறுமையில்தான் பலர் குடியில் இறங்குகிறார்கள். தூக்கம் சில வாரங்களுக்கு மேல் சரியாகாவிட்டாலோ, காரணமில்லாமல் கோபம் பொங்கினாலோ பாலிகிளினிக் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்பதற்கு வெட்கப்படாத நாம் இதற்கும் வெட்கப்பட வேண்டாம்.

படி 9: அடுத்த வேலை

முதலில் அரசு வேலை. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை நிறுவனங்கள், அரசு வங்கிகளின் அதே நிலைப் பணிகளில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரருக்கு. வயதுக் கணக்கு பலருக்குப் புரிவதில்லை. இப்போதைய வயதிலிருந்து சேவை ஆண்டுகளைக் கழியுங்கள். மிச்சம், அந்தப் பணியின் உச்ச வயதை மூன்றாண்டுக்கு மேல் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். 36 வயது, 16 ஆண்டு சேவை என்றால் தேர்வுக்கு உங்கள் வயது 20. வேலை கிடைத்தாலும் பென்ஷன் நிற்காது. இந்த ஒதுக்கீட்டை ஒரு வேலையில் சேர்ந்ததும் பயன்படுத்திவிட்டதாகக் கொள்வார்கள். ஆகவே சேருவதற்கு முன் எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்களோ அதையெல்லாம் தேதியோடு எழுதி, சேரும் இடத்தில் உறுதிமொழியாகக் கொடுத்துவிடுங்கள். மாநிலத்தில் சீருடைப் பணியாளர் தேர்வில் காவலர் பணிக்கு 5 சதவீதம் உண்டு.

தனியாரில் நமக்கு உள்ள சிக்கல் வேறு. நாம் செய்ததைச் சொல்லத் தெரியவில்லை. 'நேவியில என்ன சார் பண்ணீங்க?' என்று கேட்டால் 'இன்ஜின் ரூம் வாட்ச்கீப்பர்' என்கிறோம். எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதவளப் பெண்ணுக்கு அது எதையும் சொல்லாது. காவலாளி வேலை என்றுகூட நினைத்துக்கொள்வார். இப்படி எழுதுங்கள்: இத்தனை கிலோவாட் டீசல் ஜெனரேட்டர்கள் எத்தனை, அவற்றின் இயக்கமும் திட்டமிட்ட பராமரிப்பும், இத்தனை டன் ஏ.சி. பிளான்ட், கீழே வேலை செய்தவர்கள் எத்தனை பேர், தீயணைப்பில் பெற்ற பயிற்சி. பாதுகாப்பு இரகசியமான எதையும், கப்பலின் ஆயுத விவரம் எதையும் எழுதாமல் இதைச் செய்ய முடியும்.

சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் உள்ள டேட்டா சென்டர்களில் ஜெனரேட்டர், சில்லர், யு.பி.எஸ். மூன்றையும் இரவு பகலாகப் பார்க்க ஆள் வேண்டும். இன்ஜின், எலெக்ட்ரிக்கல் பிரிவு மாலுமிக்கு இது பழகிய வேலை. காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளம், துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், மருத்துவமனைகளின் பராமரிப்புப் பிரிவு ஆகியவையும் அப்படியே. அரக்கோணம் ராஜாளி போன்ற விமானத் தளங்களில் இருந்தவர்கள் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத் தேர்வை எழுதலாம். கடற்படையின் சொந்த வேலைவாய்ப்பு முகமையிலும் பெயர் பதிந்து வையுங்கள்.

வணிகக் கப்பலுக்குப் போகிறவர்களுக்கு 2020லிருந்து வழி எளிதாகியிருக்கிறது. கடற்படை அனுபவத்தைக் கணக்கில் எடுத்துச் சான்றிதழ் பெறும் திட்டம் இருக்கிறது. ஆனால் இடைத்தரகர்கள் மொய்க்கும் இடம் இது. கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் உள்ள நிறுவனமா என்று இயக்குநரகத்தின் தளத்தில் பாருங்கள். வேலைக்குச் சேர்த்துவிட மாலுமியிடம் பணம் வாங்க அவர்களுக்கு அனுமதி இல்லை; பணம் கேட்டால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்றுதானே வெளியே வந்தீர்கள்? அதற்குப் பதில் தெரிந்த பிறகு கப்பல் ஏறுங்கள்.

டெக்ஸ்கோ என்ற தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம் 1986லிருந்து அரசு நிறுவனங்களுக்குக் காவலர், ஓட்டுநர் முதலிய பணிகளுக்கு ஆள் அனுப்புகிறது. சொந்தத் தொழில் செய்ய நினைக்கிறவர்களுக்கு மாநில அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் இருக்கிறது. மானியத்துக்காகத் தொழில் தேடாதீர்கள். ஓராண்டு அந்தத் தொழிலில் யாரிடமாவது சம்பளத்துக்கு நின்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

எந்த வேலைக்குப் போனாலும் முதல் நாள் இருபத்தைந்து வயதுப் பையன் உங்களை 'ப்ரோ' என்று கூப்பிட்டு வேலை சொல்வான். கோபப்பட ஒன்றுமில்லை. அவன் உங்கள் பேட்ஜைப் பார்த்ததில்லை. ஆறு மாதத்தில், ஒரு நாள் ஜெனரேட்டர் நின்று எல்லோரும் ஓடும்போது நீங்கள் நிதானமாக வால்வைத் திறப்பதைப் பார்த்தபின் தானாகவே 'அண்ணே' என்பான்.

படி 10: மனைவியின் கோப்பு

ஓய்வுக்குப் பின் நீங்கள் இறந்தால், ஏழு ஆண்டுகளுக்கு அல்லது உங்களுக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள்வரை, இதில் எது முன்னதோ அதுவரை, கடைசி ஊதியத்தில் 50 சதவீதம் குடும்ப ஓய்வூதியம். பிறகு 30 சதவீதம். இதைக் கேட்கத் தேவையானது எல்லாம் ஒரே கோப்பில், மனைவிக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும்: பென்ஷன் ஆணை நகல், டிஸ்சார்ஜ் புத்தகம், ஈ.சி.எச்.எஸ். அட்டைகள், கூட்டுக் கணக்கு விவரம், காப்பீட்டுக் காகிதங்கள், மாவட்ட நல அலுவலகத் தொலைபேசி எண்.

ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ஸ்பர்ஷில் கடைசியாகக் கொடுத்த தேதியைப் பார்த்து, அடுத்த தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த முறை அதைச் செய்யும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மனைவியையே உள்நுழையச் சொல்லுங்கள். ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு வருகிறது, அந்த சிம் வேலை செய்யாவிட்டால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதையும் அவரே ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் வைக்கட்டும்.